தானா காயட்டும்

தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரே இழுப்பு. திரும்பக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் துணி குடித்த ஈரம் மறுபடி கண்ணாடியிலேயே இறங்கிவிடும். தமிழரசு துணியை மடித்து, காய்ந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த இழுப்புக்குப் போனான். ஐஸ் பெட்டிக்குள் அவன் மனைவி ஷோபனாவின் முகம் தெளிந்து வந்தது. நெற்றியில் ஒட்டிய காசு, அதற்குக் கீழே அகலமாக அப்பிய குங்குமம், தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. அவன் கையை எடுத்ததும் ஓரத்திலிருந்து பனி பூக்க ஆரம்பித்துவிட்டது.

"டேய், செத்த உக்காருடா," என்றாள் லோகநாயகி. அவனுக்கு அக்கா. "காலையிலேருந்து தொடச்சிகினே கீற. வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

"மூஞ்சி தெரியலக்கா."

"தெரிஞ்சி இன்னா பண்ணப்போற?"

அவன் துணியைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கண்ணாடியை விட்டால் அவனுக்கு வேறு வேலை இல்லை. பந்தல்காரனிடம் பேச ஒரு ஆள், பூவுக்கு ஒரு ஆள், எரிமேடையில் நேரம் வாங்க ஒரு ஆள் என்று சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதற்காவது எழுந்தால் "நீ உக்காருப்பா" என்று தோளை அழுத்தினார்கள். கை சும்மா இருந்து அவனுக்குப் பழக்கமில்லை. முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஷோபனா, மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து, "மாமா, மூச்சு வாங்குது" என்றாள். அவன் தண்ணீர் மொண்டு கொண்டுபோனபோது துணி மடியில் இருந்தது. ஆள் சுவரில் சாய்ந்திருந்தாள். ஆட்டோவில் போகும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை உறுதிப்படுத்தித் தந்தார்கள். அவ்வளவுதான்.

தமிழரசுவுக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை. கரண்ட் போர்டு வைக்கும் இரும்புப் பெட்டி செய்கிற கம்பெனி. அதில் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறான். யாராவது கேட்டால் பெயிண்ட் ஷாப் என்றுதான் சொல்வான். ஆனால் அவன் பெயிண்ட் அடிப்பதில்லை. அடிப்பதற்கு முன்னால் தகட்டைத் துடைப்பதுதான் அவன் வேலை. பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்து, ஒரே திசையில் இழுக்க வேண்டும். தூசு, துரு, தண்ணீர்க் கறை எல்லாம் லேசில் போகும். விரல் பட்ட இடம்தான் லேசில் போகாது. கையில் ஊறுகிற எண்ணெய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் அடித்த பெயிண்ட் நாலு மாதத்தில் செதில் செதிலாக உரியும். அதனால் வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்து, தகட்டின் மேல் பார்வையை ஓட்டிப் பார்ப்பான். சுத்தம் என்றால் விளிம்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. உள்ளே மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்கிற ஸ்பிரே ஆளுக்குக் கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அந்த இரண்டு தட்டு மட்டும் கேட்கும். அதற்கப்புறம் தகடு போகலாம்.

"நான் வரையறேன், நீ தொடைக்கிற. ஆண்டவன் பாத்து சேத்த ஜோடி மாமா," என்று ஷோபனா சிரிப்பாள். அத்தை பெண் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் அதிகம். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் சில அரை நாட்கள்தான் வேலை. மற்ற நாட்களிலும் போய்விடுவாள்.

தெருமுனையில் புதிதாக யாரோ வந்தார்கள். லோகநாயகி குரலெடுத்தாள். "பேர் சொல்ல ஒரு புள்ள இல்லாம பூட்டியேடீ! நாளைக்கு நீ இருந்தேன்றதுக்கு இன்னாடி அடையாளம்!"

அக்கா காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் காதில் விழுவதற்காகச் சொல்வது. ஆனால் இந்தத் தடவை அது தமிழரசுவின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் வாசல் வழியாக வீட்டுக்குள் பார்த்தான். சுவரில் சாமி காலண்டர், கடிகாரம், ஆணியில் அவளுடைய தோள்பை. அவள் வரைந்தது என்று ஒரு கோடு கூட அந்த வீட்டில் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டான். "ஊட்ல மாட்ட ஒன்னு வரைஞ்சி எடுத்தாயேன்." அவள் சொன்னாள், "எனக்கு இன்னாத்துக்கு? பசங்க வரையறத பாக்கவே கண்ணு பத்தல." பள்ளிச் சுவரில் வரைந்ததை எல்லாம் கோடை லீவில் சுண்ணாம்பு அடித்து மூடிவிடுவார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதற்காக அவள் வருத்தப்பட்டு அவன் பார்த்ததில்லை. "சொவரு காலியானாத்தான மாமா அடுத்த பேட்ச் வரையும்?"

இன்று சாயங்காலம் இந்தப் பெட்டி போய்விடும். பந்தல் போய்விடும். வாசலைக் கழுவிவிடுவார்கள். அப்புறம் துடைக்கக்கூட ஒன்றும் இருக்காது.

அவன் கண்ணாடியை மறுபடி ஒரு இழுப்பு இழுத்தான்.

காலையில் தலைமை ஆசிரியர் வந்து மாலை போட்டார். நல்ல மனுஷன்தான். கும்பிட்டு நின்றுவிட்டு, "பிள்ளைங்க அழுதுட்டு இருக்குது. ஆனா கூட்டிட்டு வர முடியல. சின்னப் பசங்க, பயந்துக்கும். பெத்தவங்களும் கேப்பாங்க," என்றார். தமிழரசு சரி என்று தலையாட்டினான். அவர் போனதும்தான், அந்தப் பிள்ளைகளில் ஒரு முகம்கூடத் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

வெயில் தலைக்கு மேல் வந்த நேரம், தெருவில் வரிசையாக நீல நிற யூனிபாரம் தெரிந்தது. அஞ்சாறு பெண் பிள்ளைகள். பின்னால் சத்துணவு சமைக்கிற அன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மூச்சு வாங்க வந்தாள்.

"இன்னா அன்னம்மா, இஸ்கோல் பொண்ணுங்கள இட்டாந்துட்ட?" என்றாள் லோகநாயகி.

"நானா இட்டாந்தேன்? இவளுங்கதான் என்ன இட்டாந்தாளுங்க. தட்டக் கழுவுன கையோட கேட்டாண்ட நிக்கிறாளுங்க. நீ வராட்டி நாங்களே போறோம்ன்றா இந்த ரோஷினி. எஸ்டேட் லாரி பூந்து வர்ற ரோடு. தனியா உடச் சொல்றியா?" அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பெல் அடிக்கறதுக்குள்ள பாத்துட்டு வரணும், ஆமா. ஹெச்செம் கேட்டா நான் உங்கள பாக்கவே இல்ல."

பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அழவில்லை. பார்த்தார்கள். பெரியவர்கள் வந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். இவர்கள் திருப்பிக்கொள்ளவில்லை. காசு, குங்குமம், மூக்கில் வைத்த பஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஒல்லியாக, ரெட்டை ஜடை போட்ட பெண் நிமிர்ந்தாள். அவன் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். "நீங்கதான தொடைக்கிற சாரு?"

"ஏய் ரோஷினி, அப்டியாடீ கேப்ப?" என்று பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள்.

"மிஸ்ஸு அப்டித்தான ஸ்வாதி சொல்வாங்க?"

தமிழரசு அவர்கள் பக்கம் குனிந்தான். காலையிலிருந்து அவன் யாரையும் எதுவும் கேட்டிருக்கவில்லை. "இன்னான்னு சொல்வாங்க?"

"எங்க ஊட்டுக்காரர் தொடச்சாருன்னா ஒரு தூசு நிக்காது, நீங்களும் கீறீங்களே, கலர் கிண்ணத்தக் கூட கழுவ மாட்றீங்கன்னு திட்டுவாங்க."

"அப்பறம் அந்தத் துணி," என்றாள் ஸ்வாதி.

"எந்தத் துணி?"

"நீங்க குடுத்தனுப்பற துணி சார். பை பையா."

கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் வேஸ்ட்டில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து வரச்சொல்வாள். சோப்புப் போட்டு அலசி, மாடியில் காயப்போடுவாள். நேற்று மடியில் கிடந்ததும் அதுதான். போர்டு துடைக்க வாங்கிப்போகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"போர்டு தொடைக்கவா?"

"இல்ல சார்! மீனு வயித்துல வெக்க."

ரோஷினி ஆரம்பித்தால் நிற்காத பெண். ஏழாம் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஏரி செய்கிறார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு ஏரி. அதில் ஆளுக்கு ஒரு மீன். பழைய சாக்கைத் தைத்து, உள்ளே துணியை அடைத்து, மேலே பாட்டில் மூடியைச் செதிலாக ஒட்ட வேண்டும். மிஸ் போட்ட சட்டம் ஒன்றுதான். ஒரு மீன் மாதிரி இன்னொரு மீன் இருக்கக் கூடாது.

"இவ செல்போன்ல பாத்து அப்டியே போட்டா சார். இது போன்ல கீற மீனு, உன் மீனு எங்க கண்ணு, அத இட்டாந்து காட்டுன்னுட்டாங்க."

"உன்து மட்டும்? காலு வெச்ச மீனு!" என்றாள் ஸ்வாதி.

"ஆமா, காலு வெச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க சார். மிஸ்ஸு சிரிக்கல. எதுக்கு காலுன்னு கூட கேக்கல. எங்க போவுது இதுன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"டூட்டிக்குப் போவுதுன்னேன். செகண்ட் ஷிப்ட். அப்பன்னா சாப்பாட்டுக் கூடை கீதான்னு கேட்டாங்க. காலாண்ட ஒரு கூடை தெச்சி குடுத்தேன்."

தமிழரசுவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மீனெல்லாம் பெஞ்சி மேல காயுது சார்," என்றாள் ஸ்வாதி மெதுவாக. "நாளைக்கு செவுத்துல ஒட்டலாம்னாங்க."

"இப்ப யாரு ஒட்டுவாங்க?"

"நாங்களே ஒட்டிக்குவோம். கோந்து கீது."

பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் துடைக்க மறந்துவிட்டான். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிற நிழல்தான் தெரிந்தது. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்த ரோஷினி கால்மாட்டில் விரலை வைத்தாள். ஒரு வளைவு. எதிரே இன்னொரு வளைவு. வால். வயிற்றுக்கடியில் இரண்டு கால். பாதம் ஷோபனாவின் முகத்துப் பக்கமாகப் பார்த்து நடந்தது. ஒரு காலுக்கு முன்னால் சின்னதாக ஒரு கூடை.

ஸ்வாதியும் விரலை வைத்தாள். அப்புறம் மற்றவர்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. வகுப்பில் இடம் பிரித்துக்கொள்வதைப்போல ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு நின்றுவிட்டார்கள்.

"ஏ பொண்ணே! கைய எடு!" லோகநாயகி எழுந்து வந்தாள். "பொணத்துப் பொட்டி மேல கோலம் போடுவாங்களா? எந்த ஊர்ல கண்டீங்கடி இத? ஏ அன்னம்மா, இன்னா பாத்துகினு நிக்கிற? டேய் அரசு, தொடைடா அத!"

பிள்ளைகள் கையை எடுத்துவிட்டார்கள். தமிழரசுவின் கை தானாகவே தலைமாட்டுக்குப் போனது. துணி கண்ணாடியைத் தொட்டுவிட்டது.

"தொடைக்காதீங்க சார்," என்றாள் ரோஷினி. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "தானா காயணும். அதான் ரூலு."

"இன்னா ரூலு?"

அவள் ஜடை நுனியைக் கடித்துக்கொண்டாள். ஸ்வாதிதான் சொன்னாள். கலர் தீர்ந்துபோன நாட்களில் மிஸ் அவர்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே கை கழுவுகிற இடத்தில் நீளமாகக் கடப்பா கல் இருக்கிறது. பக்கெட்டில் தண்ணீர். விரலை நனைத்துக் கல்லில் வரைய வேண்டும். கடைசிக் கோடு போடுவதற்குள் முதல் கோடு காய ஆரம்பித்துவிடும். யாரும் யாருடையதையும் துடைக்கக் கூடாது. தன்னுடையதையும் துடைக்கக் கூடாது.

"தப்பா வரைஞ்சா?" என்றான் தமிழரசு.

"தப்பா வரைஞ்சாத்தான் சார் கண்டிப்பா தொடைக்கக் கூடாது. தொடச்சிட்டா அங்க இன்னா இருந்துதுன்னு உனுக்கே தெரியாது. தானா காயட்டும், அது வரைக்கும் பாத்துகினே இருன்னுவாங்க."

அவன் குனிந்து பார்த்தான். விரல் போன இடத்தில் மட்டும் பனி விலகியிருந்தது. ஒரு மீனின் வால் வழியாக ஷோபனாவின் புருவத்தில் ஒரு துண்டு தெரிந்தது. இன்னொரு மீனின் முதுகு வழியாக மூக்குத்தி. காலையிலிருந்து முழுசாகப் பார்த்த முகம்தான். இப்போது கோடு கோடாகப் பார்க்கும்போது, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருப்பதைப்போல இருந்தது.

துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இன்னாடா?" என்றாள் லோகநாயகி.

"இருக்கட்டும்க்கா."

"மூஞ்சி தெரிய வாணாமா? காலையிலேருந்து அதுக்குத்தான உயிர உட்ட?"

"தெரியுது."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். திட்ட வாயைத் திறந்தவள், "அதுக்கு ஏன்டீ காலு?" என்றாள்.

"டூட்டிக்குப் போவுதாம்," என்றான் தமிழரசு.

லோகநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. "கிறுக்கச்சி," என்றாள், யாரை என்று சொல்லாமல். "அம்மாம் பெரிய கிறுக்கச்சி."

பள்ளிக்கூடத்து மணி அங்கே வரைக்கும் கேட்டது. அன்னம்மாள் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போனாள். தெருத் திரும்புகிற வரைக்கும் ரோஷினி பின்பக்கமாகவே நடந்து போனாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மேளம் வந்தது. பெண்கள் சுற்றி நின்று சேலையைத் திரை பிடித்துக் குளிப்பாட்டினார்கள். பிறந்த வீட்டுக் கோடித் துணியைப் போர்த்தினார்கள். பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்க வந்த ஆட்களிடம், "விளிம்பப் புடிச்சித் தூக்குங்கடா, நடுவுல கைய வெக்காதீங்க," என்று லோகநாயகி அதட்டினாள். எரிமேடையில் தமிழரசுதான் கொள்ளி வைத்தான். இரும்புக் கதவு மூடியபோது உள்ளே கம்ப்ரசர் ஓடுவது மாதிரி ஒரு சத்தம். மற்றவர்கள் பேசியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

குளித்து, ஈரத்தோடு திரும்பி வந்தபோது வாசல் கழுவியிருந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஐஸ் பெட்டி மட்டும் ஒயரைச் சுருட்டி மேலே போட்டபடி தெரு ஓரத்தில் நின்றது. வீட்டுக்குள் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அவன் உள்ளே போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்தான். மாடிக் கொடியில் மிச்சம் இருந்த பனியன் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

குட்டியானை வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. பெட்டிக்காரன் தேவா இறங்கினான். "அண்ணாத்தே, மனச தேத்திக்கோ. இன்னா பண்றது." பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ஒரு தபா தொடச்சிக் குடுத்துட்டீங்கன்னா ஏத்திக்குவேன். முத்தாபுதுப்பேட்டைல ஒரு ஊட்ல வெய்ட் பண்ணிகினு கீறாங்க."

தமிழரசு எழுந்தான். மாடியேறி, கொடியில் கைக்கு எட்டியதை உருவிக்கொண்டு இறங்கிப் பெட்டியிடம் போனான். பனி எப்போதோ காய்ந்துவிட்டது. நேராகப் பார்த்தால் வெறும் கண்ணாடி. பழக்கத்தில் தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்வையை ஓட்டினான். எஸ்டேட் புகைபோக்கிகளுக்கு நடுவே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கண்ணாடியின் மேல் படுத்து வந்தபோது, மீன்கள் இருந்தன. அஞ்சாறு விரல்களின் எண்ணெய்க் கோடு. கால்மாட்டில், கூடையோடு, கால் வைத்த மீன்.

அழுத்தி ஒரே இழுப்பு இழுத்தால் போய்விடும்.

"இன்னா அண்ணாத்தே, அழுக்கா கீதா?" என்றான் தேவா வண்டிக்குள்ளிருந்து.

தமிழரசு நிமிர்ந்தான். பெட்டியின் விளிம்பில் விரலை மடக்கி முட்டியால் இரண்டு தட்டு தட்டினான்.

தேவாவும் வண்டியில் கூட வந்த பையனும் பெட்டியைத் தூக்கி ஏற்றிக் கயிறு கட்டினார்கள். வண்டி மெதுவாகத் தெருவைத் தாண்டி, எஸ்டேட் ரோட்டில் மேற்கே திரும்பியது. திரும்பும்போது கண்ணாடி ஒரு தரம் மின்னியது. தமிழரசு தெருவிலேயே நின்றான். கையில் இருந்த துணி நன்றாகக் காய்ந்திருந்தது.